தேசிய மீன்தொழிலாளர் பேரவையின் வரலாறு

தேசிய மீன்தொழிலாளர் பேரவை, இந்தியாவின் கடலோர மாநிலங்களில் இயங்கும் சிறுதொழில் மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு. 1978-இல் தொடங்கப்பட்டு, 1985-இல் தொழிற்சங்கமாகப் பதிவு செய்யப்பட்டது. ஆங்கிலத்தில் நேஷனல் ஃபிஷ்வொர்க்கர்ஸ் ஃபோரம் என்று அழைக்கப்படுகிறது. மத்தான்ஹி சல்தான்ஹா, தாமஸ் கோச்சேரி, ஹரேகிருஷ்ண தேப்நாத் ஆகியோர் இதன் தலைவர்களாக இருந்தவர்களில் முக்கியமானவர்கள். மழைக்கால இழுவைமடித் தடை, கரையோரக் கடல் உரிமை, அந்நியக் கப்பல்களுக்கு எதிரான போராட்டம் ஆகியவற்றால் அறியப்படுகிறது.

கன்னியாகுமரி வட்டாரத்தில் இந்தப் பேரவையின் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. '89-ஆம் வருடம் மே தினத்தில் கன்னியாகுமரியில் போலீஸ் சுட்டார்களே, அந்த ஊர்வலம்' என்று சொன்னால் வயதானவர்களுக்கு நினைவு வரும். துப்பாக்கிச் சூடு நினைவிருக்கிறது. அவ்வளவு பேர் எதற்காக இங்கே வந்தார்கள் என்பது பெரும்பாலும் மறந்துவிட்டது. அவர்கள் கேட்டதில் ஒரு பகுதி பின்னாளில் சட்டமாகவும் அரசாணையாகவும் ஆகி, வட்டக்கோட்டைக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் இருக்கும் சின்னமுட்டம் துறைமுகத்தின் அன்றாட நடைமுறையாக இன்று இருக்கிறது.

கூலி தரும் முதலாளி யார்?

தொழிற்சங்கம் என்றதும் ஆலை வாசல்தான் நம் மனதில் வரும். 1918 ஏப்ரலில் பி.பி.வாடியா, திரு.வி.க. முதலியோரின் முயற்சியில் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகப் பிறந்தது. 1920-இல் லாலா லஜபதி ராய் தலைமையில் பம்பாயில் கூடிய அகில இந்திய தொழிற்சங்க காங்கிரசும் ஆலை, ரயில்வே, துறைமுகத் தொழிலாளர்களையே பெரிதும் நம்பியிருந்தது. அமெரிக்காவில் 1886-இல் சாமுவேல் காம்பர்ஸ் என்ற சுருட்டுத் தொழிலாளியின் தலைமையில் உருவான அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பு, தச்சர், அச்சுக்கோப்பவர், சுருட்டு சுற்றுபவர் போன்ற கைத்திறன் உள்ளவர்களின் சங்கங்களை ஒன்று சேர்த்தது. அதன் பலம் எளிமையானது. திறமை உள்ளவன் வேலையை நிறுத்தினால் அவனுடைய இடத்தில் இன்னொருவனை உடனே வைக்க முடியாது. முதலாளி இறங்கி வந்தே ஆக வேண்டும்.

கட்டுமர மீனவரின் கைத்திறன் இவர்கள் யாருடையதற்கும் குறைந்ததல்ல. மருந்துவாழ்மலையையும் கரையிலுள்ள கோயில் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்துப் பார்த்து, கடலுக்கு அடியில் இருக்கும் பாரின் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். நீரோட்டத்தின் திசை, நீரின் நிறம், கச்சான் காற்றின் வேகம் ஆகியவற்றைக் கொண்டு எந்த மடியை எடுப்பது, எவ்வளவு ஆழத்தில் விடுவது என்று முடிவு செய்வார்கள். இதைக் கற்க ஒருவருக்குச் சிறுவயதிலிருந்து பல ஆண்டுகள் ஆகும். ஆனால் இந்தத் திறமையை யாரிடம் நிறுத்தி வைப்பது? கட்டுமரத்தில் கூலி கிடையாது, பங்குதான். மரத்துக்கு ஒரு பங்கு, மடிக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. மரத்தின் உடைமையாளரும் மற்றவர்களோடு துடுப்புப் பிடிக்கிறார். அவர் முதலாளியா, தொழிலாளியா? வேலைநிறுத்தம் செய்தால் நட்டம் அவருக்கே. மீனுக்கு விலை வைக்கும் வியாபாரியும் கடன் கொடுப்பவரும் சட்டப்படி முதலாளிகள் அல்லர்.

இதனால்தான் இடதுசாரி மத்தியச் சங்கங்கள்கூடக் கட்டுமர மீனவரைச் சிறு உடைமையாளர் என்று நெடுங்காலம் ஓரமாக வைத்தன. அரசு அவரைக் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் என்றும், கடன் பெறும் பயனாளி என்றும் பார்த்தது. தொழிலாளி என்று பார்க்கவில்லை.

சட்டத்தில் ஒரு வாசல் திறந்திருந்தது. பின்னி ஆலைப் போராட்டத்தின்போது வாடியா உள்ளிட்டோர் மீது சென்னை உயர்நீதிமன்றம் தடையாணை பிறப்பித்ததன் விளைவாகவே, சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கை வலுத்து 1926-ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் தொழிற்சங்கத்துக்குத் தந்த விளக்கம் நாம் நினைப்பதைவிட அகலமானது. தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான உறவை ஒழுங்குபடுத்துவதற்கு அமைந்த சங்கம் மட்டுமல்ல. தொழிலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான உறவை ஒழுங்குபடுத்தும் சங்கமும், ஒரு தொழில் நடத்தப்படும் முறைக்குக் கட்டுப்பாடுகளை விதிக்கும் நோக்கமுள்ள சங்கமும் அதில் அடங்கின. மீனவர் சங்கங்கள் கேட்டது மிகச் சரியாக இந்தக் கடைசி வகைதான். அவர்கள் கூலி உயர்வு கேட்கவில்லை. கடலில் யார், எங்கே, எப்போது, எந்த மடியால் மீன் பிடிக்கலாம் என்பதற்கு விதி கேட்டார்கள்.

நீண்டகரையிலிருந்து தொடங்கியது

அந்த விதி ஏன் தேவைப்பட்டது என்பதற்குக் கொல்லம் அருகிலுள்ள நீண்டகரைக்குப் போக வேண்டும். இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை ஆகிய மூன்றும் 1952-இல் செய்த உடன்பாட்டின்படி, 1953-இல் அங்கே இந்தோ-நார்வே மீன்வளத் திட்டம் தொடங்கியது. நோக்கம் நல்லது. மீனவர்களுக்கு இயந்திரப் படகு, ஐஸ் ஆலை, குடிநீர், மருத்துவ நிலையம் எல்லாம் திட்டத்தில் இருந்தன. 1960-களில் திட்டம் கண்ணூர், கொச்சி, மண்டபம், கார்வார் என்று விரிந்தது.

இதற்கிடையில் வேறொன்று நடந்தது. நம் கடலின் இறாலுக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் விலை கிடைத்தது. இறால் கடலடியில் வாழ்வது. அதைப் பிடிக்கக் கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வேண்டும். அரசு கடனும் மானியமும் கொடுத்தது. மீன்பிடித் தொழிலோடு தொடர்பே இல்லாதவர்கள் முதல் போட்டுப் படகு வாங்கினார்கள். இறால் கரையை ஒட்டிய ஆழமில்லாத பகுதியில்தான் அதிகம். எனவே பெரிய படகுகள் ஆழ்கடலுக்குப் போகாமல், கட்டுமரமும் வள்ளமும் காலங்காலமாகத் தொழில் செய்த அதே இடத்துக்கு வந்தன. விரித்து வைத்த வலைகள் இழுவைமடியில் சிக்கிக் கிழிந்தன. முட்டையிடும் பருவமான தென்மேற்குப் பருவமழைக் காலத்திலும் கடலடி வாரப்பட்டது.

1970-களின் நடுவில் சண்டை வெடித்தது. கோவா, கேரளம், தமிழ்நாடு மூன்றிலும் கடலில் மோதல்கள், படகு எரிப்புகள், உயிரிழப்புகள். ஒன்றைச் சொல்ல வேண்டும்: இரண்டு பக்கமும் கடலில் இறங்கியவர்கள் மீனவர்களே. இழுவைப் படகில் கூலிக்குப் போனவரும் ஏதோ ஒரு கடற்கரைக் குடிசையிலிருந்து வந்தவர்தான். படகின் உரிமையாளர் பெரும்பாலும் கரையில் இருந்தார்.

பேரவை உருவாதல்

முதலில் அமைப்பாகத் திரண்டவர்கள் கோவாவின் ராம்போன்காரர்கள். ராம்போன் என்பது நம் கரைமடியைப் போன்ற பெரிய வலை. ஊரே சேர்ந்து கரையிலிருந்து இழுக்கும். அவர்களுடைய கூட்டமைப்புக்குத் தலைமை தாங்கிய மத்தான்ஹி சல்தான்ஹா ஒரு பள்ளி ஆசிரியர். (ஆசிரியராக இருந்த எனக்கு இதில் ஒரு சிறு பெருமை உண்டு.) கரையிலிருந்து குறிப்பிட்ட தூரம் வரை இயந்திரப் படகு வரக்கூடாது என்பது அவர்கள் கோரிக்கை. மாநில அரசு தட்டிக்கழித்தது. கரையோரக் கடலில் மீன்பிடிப்பது அரசியலமைப்புப்படி மாநிலங்களின் அதிகாரம் என்று மத்திய அரசு விலகி நின்றது. அவர்கள் டெல்லி வரை போய்ப் போராடியபோதுதான், மற்ற மாநில மீனவர்களுக்கும் இதே சிக்கல் இருப்பதைக் கண்டார்கள்.

1978-இல் பல மாநிலச் சங்கங்கள் கூடி ஒரு தேசிய அமைப்பை உருவாக்கின. அப்போது வைத்த பெயர் நீளமானது: கட்டுமர, நாட்டுப்படகு மீனவர் உரிமைக்கும் கடல் வளத்துக்குமான தேசியப் பேரவை. சல்தான்ஹா தலைவரானார். 'உரிமை' என்ற சொல்லோடு 'கடல் வளம்' என்ற சொல்லும் அதில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். உறுப்பினரின் வருமானத்தோடு, அந்த வருமானம் வரும் இடத்தைக் காப்பதையும் தன் பெயரிலேயே எழுதிக்கொண்ட தொழிலாளர் அமைப்பு அந்தக் காலத்தில் அரிது. 1980-களில் பெயர் 'தேசிய மீனவர் பேரவை' என்று சுருங்கியது. பின்னர் 'மீன்தொழிலாளர்' என்று மாறியது.

இந்தக் கடைசி மாற்றம் பெண்களால் வந்தது. மீன்பிடித் தொழில் என்றால் கடலுக்குப் போகும் ஆண் மட்டும்தான் என்பது பழைய எண்ணம். கரைக்கு வந்த மீனைப் பிரித்து, உலர்த்தி, பெட்டியில் வைத்துத் தலைச்சுமையாக உள்நாட்டுச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுக் காசாக்குகிறவர்கள் பெண்கள். நாஞ்சில் நாட்டில் வேளாண் ஊர்களின் தெருக்களில் மீன்காரப் பெண்களின் குரல் கேட்காத காலை இருந்ததில்லை. பேருந்தில் ஏற்ற மறுப்பது, சந்தையில் குத்தகைக்காரர் அளவுக்கு மீறித் தீர்வை வாங்குவது என்று அவர்களுக்குத் தனிச் சிக்கல்கள் இருந்தன. திருவனந்தபுரம் மாவட்டத்துப் பெண்கள் போராடித் தங்களுக்கென்று தனிப் பேருந்து பெற்றார்கள். வலை பின்னுபவர், மீன் விற்பவர், கருவாடு போடுபவர், கடலுக்குப் போகிறவர் எல்லாரையும் அடக்கும் சொல்லாக 'மீன்தொழிலாளர்' வந்தது. அமைப்பின் மேல்மட்டப் பொறுப்புகளில் பெண்கள் அதே அளவுக்கு வந்தார்களா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும்.

கேரளத்தின் மழைக்காலப் போராட்டம்

கோவாவில் தொடங்கிய போராட்டம் கேரளத்தில்தான் வலுப்பெற்றது. லத்தீன் கத்தோலிக்க மீனவர் அமைப்பாக 1970-களின் பிற்பகுதியில் தொடங்கிய சங்கம், பிற மதத்து மீனவரையும் சேர்த்துக்கொண்டு 1980-இல் கேரள சுதந்திர மத்ஸ்யத் தொழிலாளி ஃபெடரேஷன் ஆனது. 'சுதந்திர' என்பது கட்சிகளிலிருந்து சுதந்திரம். இதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் தாமஸ் கோச்சேரி. சங்கனாச்சேரியில் 1940-இல் பிறந்தவர், ரிடெம்ப்டரிஸ்ட் சபைப் பாதிரியார், சட்டம் படித்தவர். கடற்கரைக் கிராமத்தில் தங்கி மீனவர்களோடு வாழ்ந்தவர்.

மாநில அரசுகள் சட்டம் இயற்றுவதற்காக மத்திய அரசு ஒரு மாதிரி மசோதாவைத் தயாரித்து அனுப்பியிருந்தது. அதன்படி கேரளமும் கோவாவும் 1980-இல் கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டங்களை இயற்றின. தமிழ்நாட்டுச் சட்டம் 1983-இல் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை விசைப்படகுகளுக்கு இடமில்லை என்றது. அதிகாலை 5 மணிக்குப் பின் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்பதும் தமிழ்நாட்டு விதிகளில் உண்டு.

சட்டம் வந்ததால் மட்டும் கடலில் எதுவும் மாறவில்லை. கரையோர எல்லையைக் காக்கப் போதுமான படகுகள் அரசிடம் இல்லை. எனவே கேரளச் சங்கம் வேறொரு கோரிக்கையைப் பிடித்துக்கொண்டது: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இழுவைமடியை முழுமையாக நிறுத்த வேண்டும். எல்லையைக் கண்காணிப்பது கடினம். துறைமுகத்தை மூடுவது எளிது. இந்தக் கணக்கு சரியானது. 1981-இலும் 1984-இலும் உண்ணாவிரதம், சாலை மறியல், ரயில் மறியல் என்று பெரும் போராட்டங்கள் நடந்தன. கன்னியாஸ்திரிகளும் உண்ணாவிரதம் இருந்தார்கள். திருச்சபைக்குள்ளேயே எதிர்ப்பும் இருந்தது. அரசு ஒன்றன்பின் ஒன்றாகக் குழுக்கள் அமைத்தது: பாபு பால் குழு, கலாவர் குழு, பாலகிருஷ்ணன் நாயர் குழு. தடை மீன்வளத்தைப் பெருக்குமா என்று அறிவியலாளர்களிடையே ஒரே கருத்து இல்லை. 1988-இல் கேரள அரசு மழைக்கால இழுவைமடித் தடையை அறிவித்தது. விசைப்படகு உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 1990-களில் வந்த தீர்ப்பு சிறுமீனவரின் வாழ்வாதாரத்தைக் காக்கும் கட்டுப்பாடுகள் செல்லும் என்றது.

ஆலைத் தொழிலாளியின் வேலைநிறுத்தம் தன் கையை நிறுத்துவது. இங்கே நடந்தது எதிர்மாறானது. சிலகாலம் மற்றவரின் இயந்திரத்தை நிறுத்திவைக்கும் அதிகாரத்தை அரசின் வழியாகப் பெற்றார்கள்.

கன்னியாகுமரிப் பேரணி, 1989

1989 ஏப்ரல் 2 அன்று இரண்டு குழுக்கள் புறப்பட்டன. ஒன்று மேற்கு வங்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரை வழியாக. மற்றொன்று பம்பாய்ப் பக்கமிருந்து மேற்குக் கடற்கரை வழியாக. வழியெங்கும் மீனவ ஊர்களில் கூட்டம், கண்காட்சி, கலந்துரையாடல் நடத்தி, ஒரு மாதம் கழித்து மே 1 அன்று கன்னியாகுமரியில் சந்திப்பது திட்டம். 'நீரைக் காப்போம், உயிரைக் காப்போம்' என்பது முழக்கம். ஆலைக்கழிவு ஆறுகள் வழியாகக் கடலில் கலப்பது, அலையாத்திக் காடுகள் அழிவது, கடற்கரை நிலம் மீனவர் கையைவிட்டுப் போவது எல்லாம் பேசப்பட்டன. கடலைக் காக்க வேண்டுமென்றால் கடலுக்கு வரும் நீரைக் காக்க வேண்டும் என்ற வாதம் அன்று தொழிற்சங்க மேடைகளில் புதிது. மீனவரல்லாத சூழலியல் குழுக்களும் பெண்கள் அமைப்புகளும் சேர்ந்துகொண்டன.

அந்த நேரத்தில் இந்த வட்டாரத்தில் இன்னொரு கவலையும் இருந்தது. 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கூடங்குளம் அணுமின் நிலைய உடன்பாட்டில் கையெழுத்திட்டிருந்தார்கள். பேரணி கன்னியாகுமரியை அடைந்தபோது அணு உலை எதிர்ப்பு முழக்கங்களும் அதில் கலந்தன. ஆயிரக்கணக்கானோர் திரண்ட மே 1 ஊர்வலத்தில் மோதல் ஏற்பட்டது. போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. பலர் காயமடைந்தார்கள். நிறைவு நிகழ்ச்சி கலைந்தது. மறுநாள் பேச்சு முழுவதும் துப்பாக்கிச் சூட்டைப் பற்றியதாக ஆனது. ஒரு மாதம் கடற்கரை ஊர்களில் பேசிக்கொண்டு வந்த விஷயம் பின்னால் போய்விட்டது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2011-இல், கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரையில் மீனவர்கள் திரண்டபோது, 1989-ஐ நினைவுபடுத்தியவர்கள் இருந்தார்கள்.

பழைய எதிரிகள் ஒன்று சேர்ந்தது

பேரவையின் மிகப்பெரிய வெற்றி 1990-களில் வந்தது. 1991-இல் மத்திய அரசு புதிய ஆழ்கடல் மீன்பிடிக் கொள்கையை அறிவித்தது. இந்திய நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து வெளிநாட்டுக் கப்பல்கள் நம் பொருளாதார மண்டலத்தில் மீன் பிடிக்கலாம் என்றது. இதை எதிர்க்கும்போது பேரவை ஒரு துணிச்சலான முடிவை எடுத்தது: பதினைந்து ஆண்டுகளாகத் தாங்கள் எதிர்த்துப் போராடிய விசைப்படகு உரிமையாளர்களையும் அழைத்தது. வெளிநாட்டுக் கப்பல் வந்தால் இழுவைப் படகுக்காரரும் அழிவார். விசைப்படகுத் தொழிலாளர், பதனிடும் ஆலைகளைச் சேர்ந்தவர், கட்டுமரத்தார் எல்லாரும் சேர்ந்த தேசிய நடவடிக்கைக் குழு உருவானது.

1994 பிப்ரவரி 4 அன்று நாடு முழுவதும் ஒருநாள் மீன்பிடி வேலைநிறுத்தம். அதே ஆண்டு நவம்பர் 23, 24 தேதிகளில் இரண்டு நாள் வேலைநிறுத்தம். முதன்முறையாக வேலைநிறுத்தம் என்ற பழைய ஆயுதம் மீனவருக்குப் பயன்பட்டது. காரணம், விசைப்படகும் ஏற்றுமதி ஆலையும் நின்றால் அந்நியச் செலாவணியும் நிற்கும். கட்டுமரம் மட்டும் நின்றால் டெல்லிக்குத் தெரியாது. 1995-இல் அரசு பி.முராரி தலைமையில் ஆய்வுக் குழு அமைத்தது. அதில் மீனவர் குரலுக்கு இடமில்லை என்று எதிர்ப்பு எழுந்தது. மே மாதம் கோச்சேரி காந்தி பிறந்த போர்பந்தரில் உண்ணாவிரதம் இருந்தார். குழு திருத்தி அமைக்கப்பட்டு மீனவர் பிரதிநிதிகளும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் சேர்க்கப்பட்டார்கள். 1996 பிப்ரவரியில் குழு 21 பரிந்துரைகளை அளித்தது. கூட்டு நிறுவனக் கப்பல்களுக்குப் புதிய உரிமம் வேண்டாம் என்பது அவற்றின் சாரம். அரசு அவற்றை 1997-இல் ஏற்றுக்கொண்டது. தாராளமயமாக்கலின் தொடக்க ஆண்டுகளில் ஒரு மத்தியக் கொள்கையைத் தொழிலாளர் அமைப்பு பின்வாங்க வைத்த அரிய நிகழ்வுகளில் இது ஒன்று.

ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. வெளிநாட்டுக் கப்பலை வெளியே நிறுத்தியபின் உள்ளே வளர்ந்தது உள்நாட்டு இழுவைப் படகுதான். கூட்டணிக்காக ஒத்திவைக்கப்பட்ட பழைய கேள்வி அப்படியே மீதமிருந்தது. அனுமதிக் கடிதம் என்ற வேறொரு பெயரில் வெளிநாட்டுக் கப்பல்கள் 2000-களில் மீண்டும் வந்தன. மீனாகுமாரி குழுவின் 2014 அறிக்கைக்கு எதிராக மறுபடி போராட்டம் நடந்து, 2017-இல்தான் அந்த முறை கைவிடப்பட்டது.

உலக அரங்கில்

1984-இல் ரோமில் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் உலக மீன்வள மாநாட்டைக் கூட்டியபோது, அதே நகரில் மீன்தொழிலாளர்களும் ஆதரவாளர்களும் தனியாக ஒரு மாநாடு நடத்தினார்கள். அதன் தொடர்ச்சியாக 1986-இல் திருவனந்தபுரத்தில் மீன்தொழிலாளர் ஆதரவுக்கான பன்னாட்டு அமைப்பு உருவானது. அதன் செயலகம் சென்னையில் உள்ளது. 1997 நவம்பர் 21 அன்று டெல்லியில், பேரவையின் முன்முயற்சியில் பல நாட்டு மீனவர் சங்கங்கள் கூடி உலக மன்றம் ஒன்றைத் தொடங்கின. நவம்பர் 21 உலக மீனவர் தினமாகக் கொண்டாடப்படுவது அதனால்தான். மூன்றே ஆண்டுகளில், 2000-இல் பிரான்சில் நடந்த மாநாட்டில், அந்த மன்றம் இரண்டாகப் பிரிந்தது.

கோச்சேரிக்கு 1998-இல் அமெரிக்காவின் பியூ கடல் பாதுகாப்பு நிதிநல்கை அறிவிக்கப்பட்டது. அந்த அறக்கட்டளையின் செல்வம் எண்ணெய் நிறுவனத்திலிருந்து வந்தது என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டு, பொருளியலாளர் ஹெர்மன் டேலியோடு சேர்ந்து சோஃபி பரிசைப் பெற்றுக்கொண்டார். அது நார்வே நாட்டுப் பரிசு. 1953-இல் நீண்டகரைக்கு இயந்திரப் படகைக் கொண்டுவந்த நாடு, அதன் பின்விளைவை எதிர்த்தவருக்கு 1999-இல் பரிசளித்தது.

கோச்சேரிக்குப் பின் 1996 முதல் மேற்கு வங்கத்தின் ஹரேகிருஷ்ண தேப்நாத் தலைவராக இருந்தார். கடற்கரை ஒழுங்காற்று விதிகளைத் தளர்த்தும் முயற்சிக்கு எதிராக 2008-இல் குஜராத்தின் ஜகாவு முதல் கொல்கத்தா வரை நடந்த பயணம் அவர் காலத்தது. அவர் 2009-இல் காலமானார். சல்தான்ஹா 2012-இல் கோவாவின் அமைச்சராக இருந்தபோதும், கோச்சேரி 2014 மே 3 அன்றும், நெடுநாள் பொதுச்செயலாளர் டி.பீட்டர் 2020-இல் கொரோனா தொற்றாலும் இறந்தார்கள். முதல் தலைமுறை ஏறத்தாழ முடிந்துவிட்டது.

கன்னியாகுமரி மாவட்டத்தில்

பேரணி முடிந்த இடமான கன்னியாகுமரி மாவட்டத்தில் பேரவை ஏன் கேரளத்தைப் போல வேரூன்றவில்லை? இங்கே மீனவர் அமைப்பு இல்லாமல் இல்லை. கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூக சேவைச் சங்கம் ஊர்தோறும் மீனவர் சங்கங்களை உருவாக்கியிருந்தது. மீனை ஏலம் விடுவதைச் சங்கம் எடுத்துக்கொண்டு, வியாபாரியின் கடன் பிடியிலிருந்து உறுப்பினரை மீட்பது அவற்றின் வேலை. முட்டத்தில் பெல்ஜியத்துப் பாதிரியார் பியர் ஜில்லே ஒட்டுப்பலகைப் படகுகளை வடிவமைத்துக் கட்டும் பட்டறையை நடத்தினார். இந்தச் சங்கங்கள் 1980-இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பில் சேர்ந்தன. இவை கூட்டுறவு வழி. தொழிற்சங்க வழி அல்ல. விலை கிடைத்தது, படகு கிடைத்தது, சேமிப்புப் பழக்கம் வந்தது. அரசோடு மோதும் அமைப்பு தேவைப்பட்டபோது பங்குப் பேரவையே முன்னால் நின்றது. கேரளத்தில் பாதிரியார்கள் தொடங்கினாலும் சங்கம் திருச்சபையிலிருந்து பிரிந்து வளர்ந்தது. இங்கே பிரியவில்லை என்பது என் கருத்து.

இன்னொரு காரணம், 'பாரம்பரிய மீனவர்', 'விசைப்படகு மீனவர்' என்ற இரண்டே பெட்டிகளில் இந்த மாவட்டத்தை அடக்க முடியாது. தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் இயந்திரப் படகில், தூண்டிலும் வலையுமாக, குஜராத் வரையும் அதற்கப்பால் ஆழ்கடலிலும் வாரக்கணக்கில் தங்கிச் சுறா பிடிப்பவர்கள். தொழில்திறமையில் அவர்களுக்கு நிகர் குறைவு. உடைமையாளரும் அதே ஊர், பெரும்பாலும் அதே உறவு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது கடலில் இருந்தவர்களில் இவர்களே அதிகம். எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்ற கணக்கு அரசிடம் இல்லை. ஊர்களும் பங்குகளும்தான் பெயர்ப் பட்டியல் எழுதின. அரசு சொன்ன எண்ணும் ஊர் சொன்ன எண்ணும் பொருந்தவில்லை. டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். ஆலையில் ஒருவர் விபத்தில் இறந்தால் வருகைப் பதிவேடு சாட்சி சொல்லும். கடலில் அந்தப் பதிவேடு இல்லை.

தமிழ்நாட்டில் மீன்பிடித் தடைக்காலம் 2001 முதல் நடைமுறையில் உள்ளது. முதலில் 45 நாளாக இருந்தது, பின்னர் 61 நாளாக ஆனது. நாட்டுப்படகுகளுக்கும் கட்டுமரங்களுக்கும் தடையில்லை. இரண்டு கடற்கரைக்கும் தடைக்காலம் வேறு என்பதால் கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் இரண்டு நாட்காட்டி. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருகிறது. அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். குளச்சலும் முட்டமும் தேங்காய்ப்பட்டணமும் மேற்குக் கடற்கரைக் கணக்கு. அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் முதல் இரண்டு வாரங்கள் மட்டும் இரண்டு பக்கமும் விசைப்படகுகள் கரையில் நிற்க, கடலில் கட்டுமரமும் வள்ளமும் மட்டும் போய்வரும்.